திருப்பூரில் தைத்த ஐந்து ஜெர்சி: துணி, எண், பெயர், விலை

காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படி ஏறினால் ஆறேழு மெஷின் போட்ட ஜெர்சி யூனிட். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அங்கே ஐந்து ஜெர்சி தைத்து வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துணி அருமை, தையல் சுத்தம், எண் வைத்த விதம் அதைவிட அருமை. முதுகில் பெயர் வைத்த வேலைதான் முதல் துவைப்புக்கே தாங்கவில்லை. குறையும் சேர்த்து எழுதுவதால் கடைப் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் இதே வேலை செய்கிற யூனிட்டுகள் நிறைய உண்டு. எங்கே போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நான் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கிற வேலை. அதனால் ஜெர்சியைக் கையில் வாங்கியதும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன், அது பழக்கம். ஆனால் இந்த ஜெர்சிகளைப் பற்றி எழுதும்போது அதில் இருக்கிற பெயர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பெயர்களுக்காகத்தான் ஜெர்சியே தைத்தது.

பிள்ளைகள் ஆடுவது ஃபிளாக் ஃபுட்பால். அமெரிக்கன் ஃபுட்பாலில் மோதித் தள்ளுவதை எடுத்துவிட்டால் அதுதான். ஒரு பக்கம் 5 பேர். பந்து வைத்திருப்பவர் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு பந்து அனுப்பினான். பட்டைக்குக் கட்டிங்கில் விழும் பனியன் வேஸ்ட் இருக்கிறது. ஐந்து பெண் பிள்ளைகள், என் மகளையும் சேர்த்து. ஐந்து பேருக்குமே பந்து வீசுகிற இடம்தான் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு வீசுவது, வீசாமல் தானே ஓடுவதா என்பதை மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அணியில் அதிகச் சம்பளம் பெரும்பாலும் அவருக்குத்தான், திட்டும் அவருக்குத்தான்.

சண்டை வேண்டாம், ஐந்து பேருக்கும் குவார்ட்டர்பேக் பெயரே போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். பிரிஸ்கோ 15, வில்லியம்ஸ் 17, மூன் 1, ஜாக்சன் 8, ஸ்ட்ரவுட் 7. ஐந்து பேரும் கறுப்பர்கள். தெரிந்தேதான் எடுத்தேன்.

கடைக்காரத் தம்பி முதல் பேச்சிலேயே ஒன்று சொன்னார்: "அக்கா, டீம் லோகோ போட்டுக் கேட்டீங்கன்னா செய்ய மாட்டோமுங்க. பேரும் நெம்பரும் மட்டும்னா தாராளமாச் செஞ்சு தர்றோம்." அடுத்தவன் முத்திரையைத் திருடி ஒட்டுவது நம்ம ஊரில் எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் மதிப்பு தெரியும். எனக்கும் லோகோ வேண்டியிருக்கவில்லை.

துணி டாட் நிட், பாலியஸ்டர், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்). ரைஸ் நிட் என்ற இன்னொரு துணியும் காட்டினார். அது உடம்பில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும், பெண் பிள்ளைகள் விரும்பவில்லை. நிறம் அரக்குச் சிவப்பு. அங்கேதான் என் முதல் கேள்வி: வெள்ளை எண்ணை எப்படி வைப்பீர்கள்? அடர்ந்த சிவப்புப் பாலியஸ்டரில் வெள்ளையைச் சூட்டில் ஒட்டினால், துணியின் சாயம் மெல்ல மேலேறி வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். வாங்கும்போது பளிச்சென்றிருக்கும், பெட்டிக்குள் பத்து நாள் கிடந்தால் குட்டு வெளிப்படும். இது தெரியாமல் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு மொத்தமாக வாங்கி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். இந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது. "ஒட்ட வேண்டாமுங்க்கா, ட்வில் துணில வெட்டி மேல வெச்சுத் தெச்சுரலாம். விலைதான் கொஞ்சம் ஏறுமுங்க" என்றார். அமெரிக்காவில் நல்ல ஜெர்சிகளுக்கு எண் வைப்பதும் இப்படித்தான்.

எண் தைத்தவர் வயதான டெய்லர் அண்ணன் ஒருவர். 7-இன் சாய்வு முனை, 8-இன் உள்வளைவு இரண்டும் சாதாரணமாகச் சுருங்கி நிற்கும் இடங்கள். இரண்டையும் இஸ்திரி போட்ட மாதிரி படிய வைத்திருந்தார். ஓரத் தையல் அடர்த்தியாக, நூல் எங்கேயும் தெரியாமல். எங்கள் கம்பெனியில் இப்படித் தைக்கிற ஆள் கிடைத்தால் விடவே மாட்டோம்.

அண்ணன் 15-ஐத் தைத்துக்கொண்டே கேட்டார்: "இந்த பிரிஸ்கோங்கறது யாருங்கம்மா?"

மார்லின் பிரிஸ்கோ. 1968-இல் டென்வர் பிராங்கோஸ் அணி அவரை எடுத்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவரை, எதிரணி வீச்சைத் தடுக்கிற கார்னர்பேக் இடத்துக்கு எடுத்தார்கள். அப்போது அதுதான் வழக்கம். கறுப்பரா, வேகமாக ஓடு, பந்தைப் பிடி, தடு. யோசிக்கிற வேலையை எங்களிடம் விடு. ஆனால் பிரிஸ்கோ கையெழுத்துப் போடும் முன்பே, குவார்ட்டர்பேக்காக ஆடிக்காட்ட ஒரு வாய்ப்பு வேண்டும் என்று கேட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த வருடம் அணியின் வழக்கமான ஆளுக்கு அடிபட்டது, இவரைக் கூப்பிட்டார்கள். நவீன காலத் தொழில்முறை ஃபுட்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர்தான். அந்த முதல் வருடத்தில் 14 டச்டவுன் வீசினார் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பதுதான் டச்டவுன்). அந்த அணியின் புதுமுகங்களில் அதை முறியடிக்க 2024 வரை யாரும் வரவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட வாய்ப்புத் தரவில்லை. அணியை விட்டு வெளியேறி, பஃபலோவில் பந்து பிடிப்பவராகச் சேர்ந்தார். புதிதாகப் பழகிய அந்த இடத்திலும் 1970-இல், அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் புரோ பவுலுக்குத் தேர்வாகும் அளவுக்கு ஆடினார். பிறகு மயாமிக்குப் போய், சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை ஜெயித்தார். அதில் ஒன்று 1972 சீசன், ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. குவார்ட்டர்பேக்காக மட்டும் திரும்ப ஆடவே இல்லை. 2022-இல் காலமானார்.

டெய்லர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லாத் தெச்சவனை எதுக்குங்கம்மா லைன் மாத்துனாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஐம்பது வருடமாகப் பலரும் சுற்றி வளைத்துப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

டெலிவரி எடுக்கப் போன அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். செக்கிங் டேபிளில் ஒரு பையன் நின்றான். 17-ஆம் எண் ஜெர்சியின் தோள் தையலில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைத்தான். சரியான வேலை. ஆனால் 1-ஆம் எண்ணிலும் அதே இடத்தில் அதே மாதிரி விட்டிருந்தது, அதை மடித்து கவரில் போட்டுவிட்டான். "இது யாரு தெச்சது?" என்று கேட்டேன். முதலாவது புதிதாக வந்த வடநாட்டுப் பையன் தைத்ததாம், இரண்டாவது சீனியர் தைத்ததாம். "அண்ணன் தெச்சா தப்பு வராதுங்க்கா" என்றான். கடைக்காரத் தம்பி அங்கேயே இரண்டையும் பிரித்துத் திரும்பத் தைக்கக் கொடுத்தார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

எங்கள் தொழிலில் 2,000 பீஸ் லாட் என்றால் 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளும் குறையின் அளவு, 2.5 என்றால் பெரிய குறை 7 வரை லாட் பாஸ், 8 ஆனால் ஃபெயில். தைத்தவர் எந்த ஊர், எந்தச் சாதி, என்ன நிறம் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு நடந்தது என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களைத் துருவிப் பார்த்ததில் எனக்குக் குறை இல்லை. அந்த இடத்தில் நிற்கும் எவரையும் துருவத்தான் செய்வார்கள். குவார்ட்டர்பேக்குகளிலேயே பெரியவர் என்று பலர் சொல்கிற டாம் பிரேடியையே, 2000-இல் அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுத்தபோது 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவர் வெள்ளையர்தான். ஆனால் அவரைப் பார்த்து, நீ வீச வேண்டாம், போய்ப் பந்து பிடி என்று யாரும் சொல்லவில்லை. ஒரே குறை ஒருவருக்குச் சின்னது, இன்னொருவருக்குப் பெரியது என்று ஸ்டிக்கர் ஒட்டியதுதான் அநியாயம். ஆளைப் பார்த்து அளவை மாற்றுவது நமக்கும் தெரியாததில்லை. எந்த டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்று வைத்திருந்த சீமைதான் இது.

வாரன் மூன் 1978-இல் தன் கல்லூரி அணிக்கு ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராக வந்தவர். இடத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றதும், அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணி ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போனார், எட்மன்டன் அணியில் தொடர்ந்து 5 முறை அந்த நாட்டு லீக்கின் கிரே கோப்பையை ஜெயித்தார். அதன் பிறகுதான் 1984-இல் ஹூஸ்டன் கூப்பிட்டது. அத்தனை வருடம் வெளியே நின்றுவிட்டு வந்தும் என்எஃப்எல்லில் 49,325 கெஜம் வீசினார். 2006-இல், பெரிய வீரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவர். எங்கள் அணியில் 1-ஆம் எண் என் மகளுக்கு. தாய்மாமன் ஊர் என்பதால் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள்.

டக் வில்லியம்ஸ் கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். டாம்பா பேயில் 5 வருடம் ஆடி, அதுவரை தோல்விக்கே பெயர் போன அணியை 3 முறை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனார். சம்பளம் மட்டும் மற்ற அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பலரைவிடக் குறைவு. கூட்டிக் கேட்டார், முதலாளி இறங்கி வரவில்லை, வேறு லீக்குக்குப் போய்விட்டார். பின்னர் வாஷிங்டனில் மாற்று ஆளாகச் சேர்ந்து, 1988 ஜனவரி 31-ஆம் தேதி சூப்பர் பவுலில் இறங்கினார். சூப்பர் பவுலைத் தொடங்கிய முதல் கறுப்பின குவார்ட்டர்பேக். முந்தின நாள் பல்லுக்கு ரூட் கெனால் செய்திருந்தார். முதல் கால்பகுதியில் முட்டி பிசகி வெளியே போனார், அதற்குள் அணி 0-10 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் கால்பகுதிக்குத் திரும்பி வந்தார். அந்த 15 நிமிட ஆட்டத்தில் 4 டச்டவுன் வீசினார். அணி 35 புள்ளி எடுத்தது. கடைசியில் 42-10. சிறந்த வீரர் விருதும் அவருக்கே. எதிரே தோற்ற அணி, 20 வருடம் முன்பு பிரிஸ்கோவை வேண்டாம் என்ற அதே டென்வர். அரக்குச் சிவப்பு நிறத்தை நான் எடுத்ததே வாஷிங்டனின் அந்த உடுப்புக்காக.

அதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். லமார் ஜாக்சன் 2016-இல் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கியவர். 2018-இல் என்எஃப்எல் அணிகள் ஆள் எடுத்தபோது, பந்து பிடிப்பவராக மாறலாமே என்று அவரிடமே கேட்டார்கள். பல அணிகளை நடத்திய அனுபவசாலி பில் போலியன் அதைத் தொலைக்காட்சியிலேயே சொன்னார். ஓட்டத்தைப் பார்த்தால் வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்று, 40 கெஜ ஓட்டச் சோதனையிலேயே ஜாக்சன் ஓடவில்லை. எவ்வளவு வேகமானவர், அந்த வேகத்தையே மறைக்க வேண்டியிருந்திருக்கிறது! முதல் சுற்றில் நான்கு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு, கடைசியாக 32-ஆவது இடத்தில் பால்டிமோர் எடுத்தது. 2019-இல் லீக்கிலேயே அதிகமாக 36 டச்டவுன் வீசினார், 1,206 கெஜம் ஓடினார். ஓட்டுப் போட்ட 50 பேரும் சிறந்த வீரர் அவர்தான் என்றார்கள். போலியனும் அந்த வருடம் தன் கணிப்பு தவறென்று ஒப்புக்கொண்டார்.

ஸ்ட்ரவுட் விஷயம் 2023. குவார்ட்டர்பேக்குகளின் மூளை வேகத்தை அளக்கிறோம் என்று கணினிச் சோதனை ஒன்று வைக்கிறார்கள். அதில் சி.ஜே. ஸ்ட்ரவுட்டின் மதிப்பெண் மிகக் குறைவு என்று, அணிகள் ஆள் எடுப்பதற்குச் சில நாள் முன்னால் கசிந்தது. இவருக்குப் புத்தி பத்தாதோ என்று டிவி முழுக்கப் பேச்சு. அவர் முதல் வருடத்திலேயே 4,108 கெஜம் வீசினார். 23 டச்டவுன், எதிரணி கையில் போனது 5 மட்டும். ஹூஸ்டனை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோய், சிறந்த தாக்குதல் புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். அதற்கு முந்தின வருடம் இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக்கான கைலர் மரேயின் பெரிய ஒப்பந்தத்தில், வாரம் 4 மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படிக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதியிருந்தார்கள். கண்டனம் கிளம்பிய பிறகு எடுத்துவிட்டார்கள். கோடிகளில் சம்பளம் கொடுத்து, கூடவே வீட்டுப்பாடமும் எழுதி வைத்ததை என்னவென்று சொல்வது?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கோபப்படுத்தியது குவார்ட்டர்பேக்குகளோடு நிற்காத ஒன்று. தலையில் அடிபட்டு ஞாபகம் குறைந்துபோன பழைய வீரர்களுக்கு என்எஃப்எல் இழப்பீடு தருகிறது. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று கணக்கிடும்போது, கறுப்பர்களின் மூளைத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு அளந்தார்கள். அதாவது ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் வெள்ளையருக்கு நோய், கறுப்பருக்கு இயல்பு. கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் லீக் இதை நிறுத்துவதாகச் சொன்னது, 2022-இல் நீதிமன்றம் மாற்றத்தை ஏற்றது. இருபத்தோராம் நூற்றாண்டில், கையெழுத்துப் போட்டு, தாளில் அச்சடித்து இரண்டு அளவுகோல் வைத்திருந்தார்கள்.

2023 பிப்ரவரியில் மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும் எதிரெதிரே நின்றார்கள். சூப்பர் பவுலில் இரண்டு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக் என்பது அதுதான் முதல் முறை. அதே ஆண்டு செப்டம்பரில் சீசன் தொடங்கிய வாரம் 32 அணிகளில் 14-இல் கறுப்பினத்தவர் அந்த இடத்தில் நின்றார்கள். மகிழ்ச்சிதான். மஹோம்ஸ் பெயரையும் போட்டிருக்கலாம். அவர் எண்ணும் 15. நான் பிரிஸ்கோவுக்கு வைத்தேன்.

இனி பெயர் ஒட்டிய விஷயம். பெயர்களைத் தமிழில் கேட்டேன். தனிப்பட்டை தைத்து அதன்மேல் எழுத்தை ட்வில் துணியில் வெட்டி வைத்தார்கள். எழுத்துகள் நன்றாகத் தைத்திருந்தன. புள்ளிகள்தான் பிரச்சினை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தை மெஷினில் தைக்க முடியாது என்று பசைபோட்டு அழுத்தி விட்டார்கள். ஐந்து பெயரிலும் சேர்த்து பத்துப் புள்ளி. முதல் துவைப்பில் ஸ்ட்ரவுட்டில் இரண்டும், மூனில் இருந்த ஒரே புள்ளியும் போய்விட்டன. மகள் அழாத குறை. கடைக்குக் கொண்டுபோனேன்.

"தப்பு எங்களுதுதானுங்க்கா. துவைச்சுப் பாக்காமக் கொடுத்துட்டோம்" என்றார் தம்பி. பட்டைகளைப் பிரித்துவிட்டு, வெள்ளைப் பாலியஸ்டர் பட்டையில் சப்ளிமேஷனில் பெயரை அரக்கு நிறத்தில் அச்சடித்துத் தைத்துக் கொடுத்தார். சாயம் துணிக்குள்ளேயே இறங்கிவிடும், உரிவதற்கு ஒன்றும் இல்லை. கூடுதல் காசு வாங்கவில்லை. ஆனால் சொன்ன தேதியில் கிடைக்கவில்லை, இரண்டு தடவை அலைய விட்டார். போன் செய்தால் எடுப்பதும் அபூர்வம். பெரிய ஆர்டர் உள்ளே வந்தால் நம்ம ஐந்து பீஸ் மூலைக்குப் போய்விடுகிறது, அது அந்தக் கடையின் குணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விலை: எண் தைத்து, பெயர்ப் பட்டையோடு ஒரு ஜெர்சி ₹620. எல்லாமே அச்சு என்றால் ₹380. பத்துக்கு மேல் போனால் குறைத்துத் தருகிறார். விளையாடுகிற பிள்ளைகளுக்கு ₹620-தே சரி. தரையில் விழுந்து எழும்போது முதலில் போவது எண்தான், தைத்தது தாங்குகிறது.

ஆர்டர் கொடுப்பவர்கள் மார்பளவை அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே, துணியை இழுக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். அடர்நிறத் துணி என்றால் எண்ணைத் தைக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் அச்சுதான். வாங்கும் முன் எல்லா ஜெர்சியையும் உள்பக்கம் திருப்பி, தோள் தையலை நீங்களே பாருங்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்று போனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. செவ்வாய், புதன் காலையில் போனால் டெய்லர் அண்ணன் மெஷினில் இருப்பார். எண் வேலையை அவரிடமே கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.